ஒரு தோசைக்குப் பன்னெண்டு ப்ராசசர்

கனகவல்லி அக்கா தோசைக்கல்லுல சப்பாத்தி போட்டது ஒரு புதன்கிழமை காலைல பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, அப்ப கம்ப்யூட்டர் சாமான் விக்கற எங்க ரிச்சி தெருவுல அந்த வண்டியைச் சுத்தி எப்படியும் நாப்பது பேரு நின்னுக்கிட்டிருந்தோம், நாப்பது பேரும் பாத்தோம், ஒருத்தர் வாயிலேருந்தும் வேணாங்கற வார்த்தை வரல. தோசை வாக்கற கல்லுல சப்பாத்தி போடக் கூடாது, போட்டா அதுக்கப்புறம் தோசை ஒட்டும், பிஞ்சு பிஞ்சு வரும், இது ஹாஸ்டல்லயே வளந்தவனுக்குக் கூடத் தெரியும். ஆனா அன்னிக்கு எல்லாருக்கும் லேயர் வேணும். அக்கா கோதுமை மாவை மடிச்சு, எண்ணெய் தடவி, திரும்ப மடிச்சு, தேச்சு, கல்லுல போட்டாங்க, கல்லு ஒரு தடவை முனகுச்சு, மதியத் தூக்கத்துல எழுப்பின ஆளு மாதிரி. சப்பாத்தி ஜம்முனு உப்பி வந்துச்சு. வெறும் சப்பாத்தி. அடுத்து ஊத்தின தோசை ஒட்டிக்கிச்சு. அதுக்கடுத்ததும் ஒட்டிக்கிச்சு. மூணாவதைச் சுரண்டிக்கிட்டே அக்கா நிமிந்து எங்களைப் பாத்தாங்க.

"சனிக்கெழம இன்னும் நூத்தி இருவது ப்ராசசர் தரணும்"னாங்க. "இன்னாத்தத் தருவேன் இப்போ?"

விஷயம் தெரியாதவங்களுக்காக மொதல்லேருந்து சொல்லிடறேன். மடியில ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் தொறந்து கெடக்கு, ஃபேன் மாட்டிக்கிட்டே டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

போன தை மாசம் ப்ராசசர் விலை ஏறிச்சு இல்ல, அங்கேருந்து ஆரம்பிக்கணும். ப்ராசசர்ங்கறது ஒண்ணொண்ணா செய்யற சாமான் இல்ல, வட்டமா ஒரு சிலிக்கான் தட்டு, அது மேல மொத்தமா அச்சடிச்சு, அப்புறம் கட்டம் கட்டமா வெட்டி எடுக்கறது. அந்தத் தட்டு அடிக்கற ஃபேக்டரி எங்கியோ கடல் தாண்டி இருக்கு, அதை அடுத்த ரெண்டு வருஷத்துக்கு யாரோ பெரிய கை மொத்தமா புக் பண்ணிட்டாங்கன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க, முகூர்த்த நாள்ல மண்டபத்தை வளைச்சுப் போடற மாதிரி. அதனால ஏழாயிரத்துக்கு வித்த சரக்கு பதினாலாயிரம் ஆச்சு, பதினாலாயிரத்துக்கும் கெடைக்கல, காலேஜ் பசங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்து வெலை கேட்டுட்டு அப்பாவைக் கூட்டிக்கிட்டு திரும்பிப் போனாங்க, கடைக்காரங்க எல்லாம் கண்ணாடி ஷெல்ஃபைத் தொடைச்சுத் தொடைச்சு அதுல தேய்மானம் வந்துடும் போல இருந்துச்சு.

அப்படி ஒரு திங்கக்கிழமை, காலை பத்து மணிக்கு, மீட்டர் விக்கற கடை ஓரமா வண்டி போட்டிருக்கற கனகவல்லி அக்கா ஒரு சாதா தோசை ஊத்தினாங்க, அது சிலிக்கான் தட்டா வந்துச்சு. கரண்டியால ஓரத்தை எடுத்தா ணங்குனு சத்தம். வெள்ளிக் கலரு, அது மேல மழைத்தண்ணில பெட்ரோல் சிந்தின மாதிரி ஏழு நெறம், குறுக்கும் நெடுக்குமா கோடு, சதுரம் சதுரமா பதினாறு கட்டம். அக்கா அதைத் தூக்கிப் பாத்துட்டு, "மாவு சரியா பொங்கல"ன்னாங்க. ஆர்டர் பண்ண கூரியர்க்காரரு கடிச்சுப் பாத்துட்டு, "மொறுமொறுப்பு ஓவருக்கா"ன்னாரு. பக்கத்து சர்வீஸ் கடைல ஒருத்தர் அதை வாங்கி, கோடு போட்ட எடத்துல ஒடிச்சு, ஒரு துண்டை கம்ப்யூட்டர் போர்டுல உக்கார வச்சு, ஸ்விட்சைப் போட்டாரு. ஆன் ஆச்சு. ஆனதும் எல்லாரும் என்ன கேட்டாங்கன்னு நெனைக்கறீங்க? இன்னொண்ணு இருக்கான்னு கேட்டாங்க. கூரியர்க்காரரு மட்டும் தனக்கு வேற தோசை வேணும்னாரு.

அதுக்கப்புறம் எங்க தெரு அதைப் பழகிக்கிட்ட வேகத்தைப் பாக்கணும் நீங்க. பதினாறு கட்டத்துல ஓட்டை விழுந்தது, கருகினது கழிச்சு பன்னெண்டு தேறும்னு மூணாவது நாளே கணக்கு வந்துடுச்சு. நடுவுல வர்ற துண்டு கேம் ஆடறவங்களுக்கு, ஓரத்துல மெல்லிசா வர்ற துண்டு மளிகைக்கடை பில்லிங் மெஷினுக்கு. ப்ராசசர் மேல தடவற பசைக்குப் பதிலா இட்லிப் பொடியை நல்லெண்ணெய்ல கொழைச்சுத் தடவினா சூடு ரெண்டு டிகிரி கொறையுதுன்னு கண்டுபுடிச்சாங்க. வெலை என்னக்கான்னு கேட்டதுக்கு அக்கா வெலைப் பலகையைக் காமிச்சாங்க, தோசை நாப்பது ரூபான்னு எழுதியிருக்கு, "துண்டு ஒண்ணு நாப்பது, புதுசா எழுத எடம் இல்ல"ன்னாங்க, முடிஞ்சுது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருத்தர் வந்தாரு, கம்ப்யூட்டர் சாமான் தரம் பாக்கற அதிகாரி ஒருத்தர் வந்தாரு, இது உங்க டிபார்ட்மென்ட்டு, இல்ல சார் இது உங்க டிபார்ட்மென்ட்டுன்னு ரெண்டு பேரும் முக்கா மணி நேரம் மரியாதையா சண்டை போட்டாங்க, அப்புறம் ஆளுக்கு ரெண்டு வெங்காய ஊத்தப்பம் சாப்புட்டுட்டு சேந்து ஒரே ஆட்டோல போயிட்டாங்க.

ஒரே ஒரு சிக்கல்தான். கல்லு ஒரு நாளைக்கு அஞ்சு தட்டுதான் தரும். காலைல பத்துலேருந்து பதினொண்ணுக்குள்ள அஞ்சு, அதுக்கு மேல என்ன ஊத்தினாலும் தோசை, நல்ல தோசை, ஆனா தோசை. அஞ்சு பன்னெண்டு அறுவது. சென்னை மொத்தத்துக்கும் அறுவது.

உற்பத்தியைப் பெருக்க நாங்க பண்ணாதது இல்ல. புதுசா மூணு கல்லு வாங்கி, எண்ணெய் காச்சி, ஒரு மாசம் பழக்கி ஊத்திப் பாத்தோம், தோசை வந்துச்சு. மாவை ஒரு குண்டான்லேருந்து நாலு குண்டான் ஆக்கினோம், மிச்சம் மூணு குண்டான் தோசையை நாங்களே தின்னோம். சீக்கிரம் பொங்கட்டும்னு சோடா உப்பு போட்டுப் பாத்தாங்க, அந்த ப்ராசசர் பத்து நிமிஷம் ராக்கெட் மாதிரி ஓடுச்சு, பதினோராவது நிமிஷம் பொசுக்குனு அமுங்கிடுச்சு. சரி, செஞ்சதைச் சேத்தாவது வைப்போம்னா அதுவும் முடியாது, போர்டுல மாட்டி ஓட விட்டா அது பாட்டுக்கு வருஷக்கணக்கா ஓடும், மாட்டாம சும்மா வச்சிருந்தா பதினஞ்சாவது நாள் புளிக்கும்.

இது தெரிஞ்சும் கேக்காம ஒருத்தர் வாங்கிக் குவிச்சாரு, அவரு பேரு ஆதிமூலம், மொத்த வியாபாரி, சந்துக்குள்ள பெரிய கோடவுன் வச்சிருக்காரு. நாப்பது ரூபாய்க்கு ஆள் விட்டு வரிசைல நிக்க வச்சு வாங்கி, டப்பால போட்டு, ஒன்பதாயிரத்துக்கு விப்பாரு. கேட்டா, "வெலையை நான் ஏத்தலப்பா, தட்டுப்பாடு ஏத்துது"ம்பாரு. அந்தத் தட்டுப்பாடு அவரு கோடவுன்லதான் மூட்டை மூட்டையா படுத்திருக்கும்.

இப்ப ஜபருல்லா பாய். கடையநல்லூர்க்காரரு, தெருவோட அந்தக் கோடில பரோட்டாக் கடை. பங்குனி மாசம் ஒரு நாள் அவரு பரோட்டாவை வீசி, சுருட்டி, தட்டி, கல்லுல போட்டு, ரெண்டு கையாலயும் அடிச்சு உதிர்த்தாரு, உதிர்ந்தது ப்ராசசர். அதுவும் எப்படி, பன்னெண்டு லேயர்! தோசை ப்ராசசர் ஒரே லேயர், கூலா ஓடும், சத்தம் காட்டாது. பரோட்டா ப்ராசசர் ஒரே நேரத்துல பன்னெண்டு வேலை பாக்கும், ஆனா அடுப்பு மாதிரி கொதிக்கும், அதனால அதைத் தண்ணி ஓடற கூலரோட சேத்துத்தான் விப்பாரு. ரெண்டுக்கும் போர்டு வேற வேற, இது உக்கார்ற குழில அது உக்காராது. அன்னிலேருந்து தெரு ரெண்டாப் போச்சு. தோசைக் கட்சி, பரோட்டாக் கட்சி. டீ குடிக்கற எடத்துல பேச ஆரம்பிச்சா டீ ஆறிடும். "லேயர் இல்லாத சரக்கெல்லாம் ஒரு சரக்கா?"ன்னு இவன் கேப்பான், "கரண்ட் பில்லை உங்கப்பா கட்றாரு, அதான் பேசறே"ன்னு அவன் கேப்பான். அண்ணன் தம்பி ஒரே ரூம்ல வேற வேற போர்டு வச்சுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

போட்டின்னா போட்டி, அப்படி ஒரு போட்டி. பாய் கொத்து பரோட்டா தாளத்துலயே வெலை சொல்லுவாரு, ரெண்டு தகடும் கல்லுல டகடக டகடகன்னு விழும், நடுவுல "முப்பத்தெட்டு முப்பத்தெட்டு"ன்னு கேக்கும், அந்தச் சத்தம் இந்தக் கோடிக்கு வந்து சேர்றதுக்குள்ள அக்கா சாக்பீஸால நாப்பதை அடிச்சுட்டு முப்பத்தேழு போடுவாங்க. அவரு முப்பத்தாறு. இவங்க முப்பத்தஞ்சு, கூட ஒரு மெதுவடை ஃப்ரீ. சித்திரை பொறக்கும்போது ஊர்ல பதினாலாயிரத்துக்கு விக்கற சாமான் எங்க தெருவுல முப்பத்தஞ்சு ரூபாய்க்கு வடையோட கெடைச்சுது.

அந்த நேரத்துலதான், ஒரு வியாழக்கிழமை காலைல, அக்கா அப்பத்தான் அடுப்பு பத்த வைக்கறாங்க, ஜெசிந்தா மேடம் வந்து நின்னாங்க. திண்டிவனம் பக்கத்துல ஒரு பொண்ணுங்க பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறவங்க. இடி விழுந்து மூணு லேப்ல இருநூத்தி நாப்பது மெஷினும் செத்துப் போச்சு, போர்டு எல்லாம் தோசை போர்டா வாங்கி மாட்டியாச்சு, ப்ராசசர்தான் இல்ல, அடுத்த திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை பிராக்டிகல் பரீட்சை.

"மெஷின் ஓடலைன்னா பரீட்சையை நாப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு காலேஜுக்கு மாத்திடுவாங்கம்மா"ன்னாங்க மேடம். "போன தடவை அப்படித்தான் மாத்தினாங்க. அவ்வளவு தூரம் வீட்டுல அனுப்பல. அறுபது பொண்ணுங்க எழுதவே வரல. அதுல பாதி பேரு அதோட படிப்பை விட்டுட்டாங்க."

அக்கா அடுப்பைப் பாத்தாங்க, மேடத்தைப் பாத்தாங்க. அன்னிக்கு மேடம்தான் மொதல் போணி. போணி பண்ண கையை வெறுங்கையா திருப்பி அனுப்பறது எங்க தெருவுல யாரும் செய்யாத காரியம், திருடனே வந்து மொதல்ல நின்னாலும் ஒரு ஸ்க்ரூவாவது குடுத்துத்தான் அனுப்புவாங்க.

"நாளைலேருந்து தெனம் பாதி உனுக்கு எடுத்து வைக்கறேன்மா. முப்பது முப்பதா எட்டு நாளு. வர்ற சனிக்கெழமைக்கு அடுத்த சனிக்கெழம வந்து எடுத்துக்கினு போ. ஞாயித்துக்கெழம வியாபாரம் கெடையாது."

சொன்னபடி எடுத்து வச்சாங்க. எவர்சில்வர் தூக்குல, வாழையிலை போட்டு, முப்பது முப்பதா. வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய், நூத்தி இருவது சேந்துடுச்சு. மிச்சம் நாலு நாள், மிச்சம் நூத்தி இருவது.

பாதி சரக்கு போயிடுச்சுன்னா வரிசைல நிக்கறவனுக்கு பாதிதானே. வரிசை பாய் பக்கம் நகந்துச்சு. ஆதிமூலம் சார் வண்டிகிட்ட வந்து நின்னு, செவ்வாய்க்கிழமை முழுக்க அக்கா காதுலயே ஓதினாரு.

"இங்க பாரும்மா, எல்லாரும் லேயர் கேக்கறான். பாய் பன்னெண்டு லேயர் தர்றாரு. நீ ஒத்தை லேயரை வச்சுக்கிட்டு எத்தினி நாளைக்கு ஓட்டுவே?"

"தோசைக்கு ஏது ஸார் லேயரு?"

"மடிச்சுப் போடேன். கோதுமை மாவுல பண்ணு. ஒரே ஒண்ணு. டெஸ்டிங்."

"கல்லு கெட்டுப்பூடும் ஸார்."

"இது ப்ராசசர் போடற கல்லும்மா! இதுக்கெல்லாம் அந்தச் சட்டம் பொருந்தாது."

நாப்பது பேரும் தலையாட்டினோம். அக்கா கூட ஒரு நிமிஷம் அந்தக் கோடியைப் பாத்தாங்க, பாய் கடைல கூட்டம் ரோட்டை மறிச்சு நிக்குது, தாளம் வேற கேக்குது. அப்புறம் நடந்ததுதான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேனே.

புதன்கிழமை மீதி நேரமும் வியாழக்கிழமை முழுக்கவும் தெரு மொத்தமும் வைத்தியரா மாறிடுச்சு. வெங்காயத்தைப் பாதியா வெட்டி முள்கரண்டில குத்தி எண்ணெய்ல தேய்க்கச் சொன்னாங்க, தேச்சோம், கல்லு வாசனையா இருந்துச்சு, தோசை ஒட்டுச்சு. முட்டை ஊத்தி எடுத்தா சரியாயிடும்னாங்க, எடுத்தோம், நல்ல ஆம்லெட். புளித்தண்ணி, கல்லுப்பு, வாழைத்தண்டு. கீபோர்டு விக்கறவரு சாம்பிராணி போட்டாரு. ஹார்டுடிஸ்க்ல அழிஞ்ச ஃபோட்டோவை மீட்டுத் தர்றவரு ஒருத்தரு இருக்காரு, அவரு கல்லு மேல காதை வச்சுக் கேட்டுட்டு, "உள்ள இருக்கு, ஆனா வராது"ன்னாரு, எல்லா கஸ்டமர்கிட்டயும் சொல்றதையே சொன்னாரு. ஆதிமூலம் சார் அந்தப் பக்கமே வரல. அக்கா வியாழக்கிழமை சாயங்காலம் தூக்கைத் தொறந்து எண்ணினாங்க, திரும்ப எண்ணினாங்க, எத்தனை தடவை எண்ணினாலும் நூத்தி இருவதுதான் இருந்துச்சு.

"மேடத்துக்கு ஃபோன் பண்ணி சொல்லிடுங்கக்கா"ன்னு யாரோ சொன்னாங்க.

"இன்னான்னு சொல்ல? பாதி பொண்ணுங்களை மட்டும் படிக்க வைன்னா?"

கேட்டுட்டு அக்கா தூக்கை மூடினாங்க.

இந்தப் பக்கம் இப்படின்னா அந்தப் பக்கம் வேற கூத்து. தோசைக்கல்லு செத்துப் போச்சுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் மொத்த சென்னையும் பாய் கடை முன்னாடி வந்து நின்னுச்சு. தோசைக் கட்சிக்காரன் எல்லாம் பழைய போர்டைத் தூக்கிப் போட்டுட்டு பரோட்டா போர்டு வாங்கினான். ஆதிமூலம் சார் நேரா பாய்கிட்ட போயி, "இனிமே நீதான், நீ மட்டும்தான், என்ன வெலை வேணாலும் வை"ன்னாரு. பாயும் வச்சாரு. பொய் சொல்லக் கூடாது, வச்சாரு. புதன்கிழமை மதியம் முப்பத்தாறுலேருந்து தொண்ணூறு, வியாழக்கிழமை இருநூறு, வெள்ளிக்கிழமை காலைல நானூறு. கூட்டம் கொறையணுமே? கூடுச்சு! நாளைக்கு எண்ணூறு ஆயிடும்னு இன்னிக்கே வாங்க வந்தவங்க, எண்ணூறு ஆனதும் விக்கலாம்னு வாங்க வந்தவங்க, எதுக்கு வரிசைன்னே தெரியாம நின்னவங்க. சாப்புடறதுக்கு ரெண்டு பரோட்டா கேட்டவரை வரிசைல பின்னாடி போகச் சொன்னாங்க. அவரு கல்லுக்கு அஞ்சுன்னு அளவு இல்லன்னாலும் மனுஷனுக்கு இருக்கறது ரெண்டு கை. அந்த ரெண்டு கையும் மூணு நாளா மாவை வீசி, வீசி, வீசி, வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வலது கை தோள்பட்டைக்கு மேல போக மாட்டேன்னுடுச்சு. மாவு கையிலேருந்து பறந்து போயி எதிர்த்த கடை பேர்ப் பலகைல ஒட்டிக்கிச்சு.

நாலு மணிக்கு பாய் தெருவோட இந்தக் கோடிக்கு வந்தாரு. வலது கையை இடது கையால தாங்கிப் புடிச்சுக்கிட்டு, மொத தடவையா. வந்து அக்கா வண்டிக்கு முன்னாடி கெடந்த ஸ்டூல்ல உக்காந்தாரு.

"அக்கா, நாளைக்கு நீங்க கடை போடுதீங்களா, இல்லையா?"

"கல்லு போச்சே பாய். நல்லா சம்பாரிக்கற போல, நானூறாமே?"

"நானூறு என்னக்கா நானூறு, கை போச்சு. நீங்க போனா உங்க கூட்டம் எனக்கு வரும்னு சந்தோசப்பட்டேன், உண்மையச் சொல்லுதேன். வந்துட்டு. வந்தது போவ மாட்டேங்கு. காலைல எட்டு மணிக்கே வந்து கதவைத் தட்டுதானுவ. ஒங்களுக்குப் பாதி, எனக்குப் பாதின்னு இருந்தப்ப நான் மனுசனா இருந்தேன், மதியம் அரை மணி நேரம் கண்ணை மூடுவேன். எனக்கு நீங்க வேணும்க்கா."

"எனுக்கு மட்டும் வேணாமா? நாளைக்கு அந்தம்மா வந்து நிக்கும், தூக்குல பாதிதான் கெடக்குது."

பாய் கொரலைத் தாழ்த்தி, அவரு கட்சிக்காரங்க யாராச்சும் பக்கத்துல இருக்காங்களான்னு திரும்பிப் பாத்துட்டு சொன்னாரு. "எங்க வீட்டுல ஒரு தோசைக்கல்லு கெடக்கு. பதினெட்டு வருசமா எம் பொஞ்சாதி அதுலதான் ஊத்துதா."

"ஒங்கூட்ல தோசையா?"

"பெறவு? நாளெல்லாம் பரோட்டா அடிக்கவன் வீட்டுக்குப் போயும் அதையா திம்பான்?"

இந்த ஒரு விஷயம் வெளில வந்ததுல பரோட்டாக் கட்சி ரெண்டு நாள் தலைகாட்டல, அது தனிக் கதை.

சனிக்கிழமை காலைல ஒன்பதே முக்காலுக்கு கல்லு வந்துச்சு. கல்லு மட்டும் வரல. கல்லைத் துணில சுத்தி இடுப்புல வச்சுக்கிட்டு பாயோட வீட்டுக்காரங்க மெஹருன்னிசா அக்காவும் ஆட்டோலேருந்து எறங்கினாங்க. கனகவல்லி அக்கா கையை நீட்டினாங்க, அவங்க குடுக்கல.

"கல்லைத் தர மாட்டேன்க்கா. இது என் கைக்குப் பழகினது. மாவு ஒங்களுது, கரண்டி எனக்கு."

"ஏ, அவங்க கடைடி அது"ன்னாரு பாய்.

"நீங்க சும்மா இருங்க, கையைத் தூக்க முடியல, பேச்சுக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

கனகவல்லி அக்கா பதினஞ்சு வருஷமா நிக்கற எடத்துலேருந்து ரெண்டு அடி தள்ளி நின்னாங்க. ஜெசிந்தா மேடம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுலேருந்து நேரா வந்து வண்டிப் பக்கத்துல கைப்பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, எங்க மூஞ்சிகளைப் பாத்தே அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. பத்து மணி ஆச்சு. மெஹருன்னிசா அக்கா மொதல் கரண்டி ஊத்தினாங்க. ஒட்டிக்கிச்சு. மேடம் கண்ணை மூடிக்கிட்டாங்க.

"மொத தோசை எவளுக்கு வந்திருக்கு?"ன்னு சொல்லிட்டு அதைச் சுரண்டிப் போட்டுட்டு, தண்ணி தெளிச்சு, ரெண்டாவதை ஊத்தினாங்க. அவங்க ஊத்தறது வேற மாதிரி. கனகவல்லி அக்கா கடைக்காரக் கை, மொத்தமா, வேகமா இழுப்பாங்க. இவங்க வீட்டுக் கை, அரைக் கரண்டி மாவை எடுத்து, மையத்துலேருந்து ஆரம்பிச்சு, சுத்திச் சுத்திச் சுத்தி, பேப்பரை விட மெல்லிசா, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆழாக்கு அரிசில சமாளிச்ச கை அது. கரண்டியால ஓரத்தைத் தொட்டாங்க.

ணங்.

தூக்கிப் பாத்தா கோடு நெருக்கமா விழுந்திருக்கு. கட்டம் எல்லாம் சின்னச் சின்னதா. சர்வீஸ் கடைக்காரரு லென்ஸை மாட்டிக்கிட்டு எண்ணினாரு, ஓட்டை ஒண்ணு இல்ல, கருகல் ஒண்ணு இல்ல, இருவத்தஞ்சு. சின்னதா இருக்கே, உக்காருமான்னு போர்டுல வச்சுப் பாத்தா அதே குழில அழகா உக்காந்துச்சு, ஆன் ஆச்சு, பழசை விட கரண்ட் கம்மியா குடிச்சுது. ஒரு தோசைக்கு இருவத்தஞ்சு! நான் கத்தின கத்துல என் தொண்டை மூணு நாள் கட்டிக்கிச்சு. ஆனா அந்த நேரத்துல நான் மட்டுமா, கூட்டமே கத்துச்சு. நாலு தோசைக்கு நூறு. பதினொண்ணு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது அஞ்சாவதைத் திருப்பினாங்க. நூத்தி இருவத்தஞ்சு.

கனகவல்லி அக்கா நூத்தி இருவதை எண்ணி தூக்குக்குள்ள வச்சாங்க, மூடியை அழுத்தி மூடினாங்க, மேடம் கைல குடுத்தாங்க. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க, "இன்னா பேச்சு, பஸ்ஸு போயிடப் போவுது, கௌம்பும்மா"ன்னு ஆட்டோல ஏத்தி விட்டுட்டாங்க. ஆட்டோ மவுன்ட் ரோடு திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாங்க.

திரும்பினா, வாழையிலைல அஞ்சு துண்டு மிச்சம்.

"முப்பத்தஞ்சு"ன்னாங்க கனகவல்லி அக்கா, சாக்பீஸை எடுத்துக்கிட்டு.

பாய்க்குக் கைதான் வலி, நாக்குக்கு என்ன. "நானூறை விடுங்க, நான் பழைய வெலைக்கும் கீழ வந்துட்டேன். பன்னெண்டு லேயரு, முப்பத்தி மூணு!"

"முப்பத்திரெண்டு, வடையோட!"

"முப்பது"ன்னாங்க மெஹருன்னிசா அக்கா, கல்லைத் தொடைச்சுக்கிட்டே, தலையைத் தூக்காம.

பாய் திரும்பினாரு. "என்னடி இது? நான் ஒன் புருசன்!"

"புருசன்தான். அதுக்கு? திங்கக்கெழமைலேருந்து தெரு நடுவுல, அந்த வயர் கடை பக்கத்துல, நான் தனியா வண்டி போடுதேன். இருவத்தஞ்சு வருது என் கல்லுல, என் வெலை எனக்குக் கட்டும்."

வரிசை அப்படியே, ஒரு பாம்பு தலையைத் திருப்பற மாதிரி, அவங்க பக்கம் திரும்புச்சு. கனகவல்லி அக்காவும் பாயும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் அக்கா வெடிச்சு சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்புல வண்டில இருந்த சட்னிக் கிண்ணம் எல்லாம் ஆடுச்சு.

திங்கக்கிழமை மதியம் மேடம் ஃபோன் பண்ணாங்க. இருநூத்தி முப்பத்தெட்டு பொண்ணுங்க பரீட்சை எழுதினாங்களாம், ரெண்டு பேருக்கு அம்மை போட்டிருக்கு, அவங்களுக்கு அடுத்த மாசம் அதே லேப்ல வைக்கறாங்களாம். ஆதிமூலம் சார் கோடவுன்ல அதே வாரம் டப்பா டப்பாவா பொங்கி, ஷட்டருக்கு அடில நுரை வழிஞ்சு, சந்து முழுக்க புளிச்ச வாசனை, இன்னும் கழுவிக்கிட்டிருக்காங்க. இப்ப எங்க தெருவுல மூணு கடை, கனகவல்லி அக்கா அவங்க ஊர்லேருந்து சின்னம்மா வீட்டுக் கல்லை வரவழைச்சு அதைப் பழக்கிக்கிட்டிருக்காங்க, வெலை இன்னிக்குக் காலைல இருவத்தி ஆறு.

சரி, கஸ்டமர் மொறைக்கறாரு, நான் இந்த கேபினெட்டை மூடணும். உங்க ஊர்ல எப்படிங்க? உங்க தெருவுலயும் பத்து மணிக்கு எதாச்சும் கல்லுல ணங்குனு கேட்டுச்சா? எத்தனை வருது, யாரு ஊத்தறாங்க, அவங்களுக்கு எதிர்ல யாரு கடை போட்டிருக்காங்க? சொல்லுங்களேன்.